நகராத வாத்தியார்

"மனுஷனா அவர், இல்ல தரையில அடிச்ச முளையா? மணி அடிக்கிற வரைக்கும் நின்ன இடத்தை விட்டு ஒரு அடி நகரலையே மேடம்!"

தலைமையாசிரியையின் அறையில் நாற்காலியை இழுத்துப் போடும்போதே நிபுணர் பொரிந்து தள்ள ஆரம்பித்துவிட்டார்.

சும்மா நிபுணர் இல்லை. இந்த வருஷம் வந்திருக்கிற மாணவர் மையப் பாடத்திட்டத்தை எழுதிய மகானுபாவரே இவர்தான். அது பள்ளிகளில் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று பார்த்து மார்க் போடக் கிளம்பியிருக்கிறார். காலையில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்குப் போய், பிள்ளைகளோடு பிள்ளையாக இரண்டாவது பெஞ்சில் தொப்பையை மடக்கி உட்கார்ந்திருந்தார். அப்போதிலிருந்தே அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஆசிரியர்னா வகுப்பைச் சுத்தி வரணும், பிள்ளைங்க பக்கத்துல போய்க் குனிஞ்சு பேசணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். இவர் ஜன்னலுக்கு நேரா போய் நின்னார். நின்னார்னா நின்னார், அவ்வளவுதான்!"

"கொஞ்சம் பழைய ஆள் சார்" என்று தலைமையாசிரியை பட்டும் படாமலும் சொன்னார்.

"போர்டுல எழுதறப்ப வாயைத் திறக்க மாட்டேங்கறார். எழுதி முடிச்சு, திரும்பி நின்னு, அப்புறம்தான் பேச்சு. பாதி நேரம் இதுலயே போச்சு."

"அடடா."

"பிள்ளைங்க குழுவா உட்கார்ந்து கலகலன்னு பேச வேண்டாமா? இங்க ஒருத்தன் பேசினா மத்தவன் மூச்சு விடக் கூடாது. பேசறவனும் முன்னாடி வந்து நிமிர்ந்து நிக்கணும். தலை குனிஞ்சா ஒரு அதட்டல். இது பள்ளிக்கூடமா, பட்டாளமா?"

தலைமையாசிரியை தண்ணீரை நகர்த்தி வைத்தார். நிபுணர் தொடவில்லை.

"இதைக் கேளுங்க. எனக்கு முன் பெஞ்சுல ஒரு பொண்ணு. 'என்னம்மா, பாடம் பிடிச்சிருக்கா?'ன்னு பின்னாலிருந்து மெதுவா கேட்டேன். பதில் இல்ல. மறுபடியும் கேட்டேன். கழுத்தைக்கூடத் திருப்பல. அந்தப் பிஞ்சு மனசை எப்படிப் பயமுறுத்தி வெச்சிருந்தா..."

நிபுணருக்குத் தொண்டை அடைத்தது. மேடைகளிலும் இதே மாதிரி இடங்களில் அவருக்குத் தவறாமல் அடைக்கும்.

"அவரை அந்த வகுப்புலேர்ந்து இன்னைக்கே தூக்குங்க. இல்லேன்னா உங்க பள்ளிக்கூடத்தைப் பத்தி நான் நல்லதா ஒரு வரி எழுத மாட்டேன்."

தலைமையாசிரியைக்குப் பகீரென்றது. உடனே அறிவியல் வாத்தியாரை வரவழைத்தார்.

கை நிறைய சாக்பீஸ் தூளோடு வந்து நின்ற மனிதர், முளை, பட்டாளம் எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து ஒன்பதாம் வகுப்பு உங்களுக்கு வேண்டாம் சார். ஆறாம் வகுப்பைப் பாருங்க" என்றதும்தான் அவர் முகம் செத்துப்போனது.

"மேடம், என்னைப் பத்தி என்ன வேணாலும் எழுதட்டும். அந்த வகுப்பை மட்டும் என்கிட்டேருந்து எடுத்துடாதீங்க."

"ஏன், அங்க ஏதாவது புதையல் வெச்சிருக்கீங்களா?" என்றார் நிபுணர், உதட்டைச் சுழித்துக்கொண்டு.

வாத்தியார் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்ல மாட்டேன்னு ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். இப்ப வேற வழி தெரியல. நீங்க கேட்டும் பதில் சொல்லாத பொண்ணு இருக்காளே சார், அவளுக்குக் காது கேக்காது. சின்ன வயசுல காய்ச்சல்ல போனது."

வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"உதட்டைப் பார்த்துத்தான் படிக்கறா. நான் முதுகைக் காட்டினாலும் போச்சு, வெளிச்சத்தை விட்டு நகர்ந்தாலும் போச்சு. நாலு பேர் ஒண்ணா பேசினா பாவம், அவ யார் வாயைப் பார்ப்பா?"

"எனக்கே தெரியாதே! ஏன் சார் மறைச்சீங்க?"

"பழைய பள்ளிக்கூடத்துல அவளுக்குச் செவிடுன்னு பேரே வெச்சுட்டாங்களாம் மேடம். இங்கேயும் அந்தப் பேர் வேண்டாம்னு அழுதா. வகுப்புப் பிள்ளைங்க அவங்களாவே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா ஒரு பய வெளியில மூச்சு விடல."

தலைமையாசிரியை அவர் முகத்தையே பார்த்தார்.

"பள்ளி திறந்த வாரமே உங்க மீசையை எடுத்தீங்களே... அதுவும் இதுக்குத்தானா?"

"உதடு தெரியணும்ல மேடம்."

அன்று அந்த மழித்த முகத்தைப் பார்த்து ஆசிரியர் அறையே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்ததில் தலைமையாசிரியையும் உண்டு. இப்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து வாத்தியாரின் கையைப் பிடித்திருப்பார்கள். நிபுணராயிற்றே! ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"சரி, பாவம்தான். அதுக்காக? ஒரே ஒரு பொண்ணுக்காக மொத்த வகுப்பையும் வளைக்கிறதா? இப்படி நடத்தணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

வாத்தியார் அவரை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"'ஒவ்வொரு குழந்தையும் வகுப்பின் மையம்'னு பாடத்திட்டத்தோட முதல் பக்கத்துலயே நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? நான் அதை நம்பிட்டேன்."