மாற்றத்தை ஏற்கிறீர்களா?

"எழுத்தைப் பெரிசாக்கினா அவருக்குப் பிடிக்கிறதில்லை தம்பி. நான் மாத்துவேன், கொஞ்ச நேரத்துல அவர் பழையபடி சின்னதாக்கிடுவார்" என்றார் அந்த அம்மாள்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சாரைக் கொஞ்சம் கூப்பிடுங்கம்மா. ரெண்டு பேருக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒரு அளவு வச்சுக் கொடுத்துடறேன்."

கதவோரம் நின்ற மகள் உதட்டைக் கடித்தாள். "அப்பா போன மழைக்கே தவறிட்டார் சார்."

மெக்கானிக்கின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது. தான் உட்கார்ந்திருப்பது யாருடைய நாற்காலி என்று யோசித்தவர், மெல்ல நுனிக்கு நகர்ந்துகொண்டார். பெட்டிக்குள் விசிறி மட்டும் மூச்சு வாங்குவதுபோல ஓடிக்கொண்டிருந்தது.

"இது லினக்ஸ் தம்பி. யார் வேணும்னாலும் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், அதான் இதோட பெருமைன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்வார். வீட்டுல மட்டும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!" என்றார் அம்மாள்.

மனுஷன் அச்சகத்துக்குப் புத்தகப் பக்கம் அமைத்துக் கொடுத்தவர். எறும்பு எறும்பாக எழுத்து இருந்தால்தான் அவருக்கு வேலை ஓடும். பேத்தி அனுப்பிய மெயிலைப் படிக்க, கண் மங்கிய மனைவி ஒரு நாள் எழுத்தைப் பெரிதாக்கப் போக, வீடே ரெண்டுபட்டது. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு விருட்டென்று கிளம்பிப் போனவர், வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உயிரோடு வீடு திரும்பவில்லை.

"ஒரு வார்த்தை பேசாம போயிட்டார் தம்பி. அந்தக் கோபம் இன்னும் தீரலை."

"இதையே சொல்லிச் சொல்லி, பச்சத் தண்ணி குடிக்காம இந்தப் பெட்டி முன்னாடியே உட்கார்ந்திருக்காங்க சார்" என்றாள் மகள். "எங்கூட வாம்மான்னு கூப்பிட்டா, கோபமா இருக்கிற மனுஷனைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றதுன்னு கேட்கிறாங்க. நான் என்னதான் பண்ணட்டும்?"

"எங்கே, மாத்திக் காட்டுங்கம்மா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் திரை அமைப்பைத் திறந்து, அளவை இரு மடங்காக்கினார். எழுத்தெல்லாம் பளிச்சென்று பெருத்தது. நடுவில் ஒரு கட்டம் எழும்பியது: 'மாற்றத்தை ஏற்கிறீர்களா?' அதன் கீழே 'ஏற்கிறேன்', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன்கள். பக்கத்தில் வினாடிகள் குறைந்துகொண்டே வந்தன.

அம்மாள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரை ஒரு கணம் இருண்டது. எழுத்து மறுபடி எறும்பானது.

"பார்த்தீங்களா?"

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டே சிரித்துவிட்டார். "அட, இவ்வளவுதானா! இது எப்பவும் இப்படிக் கேட்கும்மா. பதில் சொல்லலைன்னா அதுவே பழையபடி ஆக்கிடும். நீங்க ஏன் 'ஏற்கிறேன்'னு அழுத்தலை?"

"நான் எப்படி அழுத்துறது? மாத்தினவளே நான்தானே. ஏத்துக்கறீங்களான்னு அது அவரைத்தான் கேட்குது."

மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, அது அப்பா இல்லைம்மா. வெறும் மிஷின்" என்றாள் மகள்.

அம்மாளின் முகம் சுண்டிப் போயிற்று. "அப்போ அவர் இங்க இல்லவே இல்லையா? கோபமாவாவது கூட இருக்கார்னு நெனச்சிட்டிருந்தேனே!"

சொல்லியிருக்கவே கூடாதோ என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. ஆனாலும் சந்தேகம் மிச்சம் வைக்கக் கூடாது என்று அவரே அளவை மாற்றிவிட்டு எழுந்து தள்ளி நின்றார். "யாரும் தொடாதீங்க. தானா சின்னதாகும், பாருங்க."

வினாடிகள் இறங்கின. அம்மாள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு வெடித்து அழுதார். "ஏங்க, இந்த ஒரு தடவை ஏத்துக்கங்களேன்!"

மெக்கானிக் பதறிப்போய் ஜன்னலோரம் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினார். மகள் ஓடிவந்து குனிந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால் கட்டத்தைக் காணோம். எழுத்து பெரிதாகவே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"இறங்கி வந்துட்டார் பாருடி!" அழுத கண்ணோடு அம்மாள் சிரித்தார். "எத்தனை வருஷக் குடித்தனம், ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்திருப்பாரா? பசிக்குது, ஏதாவது எடுத்து வை. நாளைக்கே உங்கூடக் கிளம்பறேன்."

மகள் வாசல்வரை வந்து மெக்கானிக்கை வழியனுப்பினாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் சார். நேரம் பார்த்து நீங்க மட்டும் அந்தப் பட்டனை அழுத்தலைன்னா, அம்மா உடைஞ்சே போயிருப்பாங்க."

வண்டியைக் கிளப்பப் போன மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார்.

"நானா? நீங்க அழுத்தினீங்கன்னுல்ல நெனச்சேன்!"