வண்டிக்குத் தண்ணீர்

“யாரைக் கேட்டு மாத்துனீங்க?”

சண்முகவேலின் குரலில் பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றது. வாசலில் அவருடைய பழைய வெளிநாட்டுக் கார் உறுமாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“போன வாரம் பிரேக் பார்க்கத்தான் விட்டீங்க, அய்யா. இக்னிஷன் மாட்யூலும் போயிருந்துச்சு. சூடேறினா பிளக்குக்குப் பொறி வராது, வண்டி நின்னுடும். ஆறினாத்தான் ஸ்டார்ட் ஆகும். கோயமுத்தூர்ல தேடிப் புடிச்சு மாட்டினேன்” என்றார் மெக்கானிக் இம்தியாஸ்.

“அது நிக்கும்னு எனக்குத் தெரியுமுங்க, பாய். பழசையே மாட்டுங்க.”

“லாரி ஓடற ரோட்டுல நின்னா என்ன ஆகறது?”

“அங்கெல்லாம் நிக்காது. ராசிபுரத்துலதான் நிக்கும்.”

தனியாக இருந்து இருந்து மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார் இம்தியாஸ்.

“நாமக்கல்லுக்குத்தானே போறீங்க? பைபாஸ்ல போனா ராசிபுரம் ஊருக்குள்ளயே போக வேண்டாமே.”

சண்முகவேல் போய் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மக அங்கதான் இருக்கறா. எங்க பேச்சை மீறித் தறிக்காரப் பையனைக் கட்டிக்கிட்டா. உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு நாலு பேர் முன்னால சொல்லிப்போட்டேன்.”

இம்தியாஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அவங்கம்மா போனப்புறம் ஊட்டுல பேச ஆளில்லைங்க. ஒரு வெள்ளிக்கிழமை வண்டி சூடாகி அவ ஊட்டுகிட்ட நின்னுபோச்சு. சொம்புல தண்ணி கொண்டாந்தா. வண்டிக்கா, உங்களுக்கான்னு கேட்டா. வண்டிக்குன்னேன்.”

“அப்புறம்?”

“ஆறுற வரைக்கும் பேசிட்டிருந்தா. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமையானா அங்கயே நின்னுச்சு. கொஞ்சம் முன்னப்பின்ன, கூப்பிடு தூரத்துல.”

“நீங்களே நிறுத்தலாமே, அய்யா?”

“நிறுத்தினா நானாப் போனதா ஆயிருமுங்க.”

இம்தியாஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“நிறுத்திப் பானெட்டைத் திறந்து வையுங்க. புது மாட்யூல் போட்டது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

சண்முகவேல் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சு போச்சுங்க, பாய். போன வெள்ளி, தானா நிக்கும், தானா நிக்கும்னு பார்த்துட்டே தாண்டிப் போயிட்டேன். கண்ணாடியில பார்த்தா, சொம்போட ரோட்டோரம் நின்னுட்டிருந்தா.”