தலைவர் ஓகே சொன்ன பேனர்

அமுக்காதே என்று சொன்னதைக் கலைச்செல்வி அமுக்கிவிட்டாள்.

தாராவியில் சுயம்பு அண்ணாச்சியின் பேனர் கடையில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாக அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. வேலையின் நடுவில் திரை முழுக்க வந்து நிற்கும்: 'இந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனி சப்போர்ட் கிடையாது. ஆபத்து. உடனே புதுசுக்கு மாறுங்கள்.' மூடினால் போகும். கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

"அது கெடக்கு. மூடிட்டு வேலையப் பாருட்டி" என்பார் சுயம்பு. "நம்ம தமிழ் எழுத்தெல்லாம் பழசுலதான் ஓடும்."

நேற்றுக் கடை அடைக்கும்போதும் வந்தது. வைரஸ் வந்து எல்லாம் போய்விட்டால் அதற்கும் அவளைத்தானே திட்டுவார்? பயமும் எரிச்சலுமாக 'சரி'யை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் வந்து பார்த்தால் எல்லாம் புதுசு. பளபள என்று இருந்தது. தமிழ்ச் சங்க ஆண்டு விழா பேனரைத் திறந்தாள். போன வருடத்து ஃபைல்தான். தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

திறந்தால் தமிழே இல்லை. ஏ, பி, சி, டி. நடுநடுவே கமாவும் கேள்விக்குறியும்.

விழா இன்றைக்குச் சாயங்காலம். சுயம்பு ஃப்ளெக்ஸ் ரோல் எடுக்கப் புனே போயிருந்தார். போன் அடித்தால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. "இன்னொரு தப்பு பண்ணுனா கடைப்பக்கமே வராத" என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். பத்தாவதோடு ஸ்கூலை விட்டவளை வேறு எந்தக் கடையில் கம்ப்யூட்டரைத் தொட விடுவார்கள்? அம்மாவோடு சேர்ந்து வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

ஃபான்ட்டை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். ஒன்றில் சட்டென்று தமிழ் வந்துவிட்டது. சுழி, கொம்பு, புள்ளி எல்லாம் இருந்தது.

ஆனால் சரியான தமிழ்தானா? அங்கேதான் மாட்டிக்கொண்டாள். அவள் படித்தது ஹிந்தி மீடியம். தமிழ் வாயில் வரும், கண்ணில் வராது. பேனரில் தமிழ் எழுத்து அடிப்பதெல்லாம் அண்ணாச்சிதான். பக்கத்துக் கடை சிராஜ் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "முஜே க்யா மாலூம்!" என்று, தனக்கென்ன தெரியும் என்பதுபோலக் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

நல்லவேளை, சங்கத் தலைவர் இசக்கிராஜே வந்து நின்றார். மேடை ஏறினால் துண்டுப் பேப்பர் இல்லாமல் ஒரு மணி நேரம் தமிழைக் கொட்டுகிற மனுஷன்.

"ரெடியாட்டி?"

"தலைவரே, ஒரு தடவ வாசிச்சுப் பாத்துருங்க. எனக்குத் தமிழ் வாசிக்க வராது."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

"வராதா? வெக்கமில்லாம சொல்லுத! நானும் இதே தாராவியில பொறந்தவன்தான். தமிழ விட்டுட்டனா? ஒன்ன மாதிரிப் புள்ளைகளாலதான் பம்பாய்ல தமிழ் சாகுது!"

"ஹிந்தி ஸ்கூல்ல போட்டாங்க, படிச்சேன். நான் என்ன பண்ண? திட்டுறத அப்புறம் திட்டுங்க, முதல்ல இதப் பாருங்க. சிஸ்டம் மாறிப்போச்சு. எழுத்து சரியா வந்திருக்கான்னு தெரியல. பயமா இருக்கு."

இசக்கிராஜ் கண்ணாடியை மாட்டினார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். தாடையைத் தடவினார்.

"நிஜமா சரியா இருக்கா?"

"ஒரு எழுத்து கொற சொல்ல முடியாது. அடி. பயலுவ வந்து எடுத்துக்கிடுவானுவ."

கலைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடித்துக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் மேடைக்கு மேலே பேனரை இழுத்துக் கட்டினார்கள். முன்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் அந்த வரிசையே சிரித்தது. மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

புனேயிலிருந்து நேரே விழாவுக்கு வந்த சுயம்பு பேனரைப் பார்த்துப் பாதியில் நின்றார். கூட்டத்தில் கலையைத் தேடிப் பிடித்தார்.

"ஏட்டி, என்னத்த அடிச்சு வச்சிருக்க? இதுல ஒரு வார்த்தகூட வார்த்தையா இல்லியே! சிஸ்டத்த மாத்துனியா?"

"மாத்திட்டேன் அண்ணாச்சி. ஆனா..."

சிரிப்புச் சத்தம் கேட்டு இசக்கிராஜ் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். அண்ணாந்து பேனரைப் பார்த்தார். திரும்பி வேறு யாருக்கும் கேட்காமல் கலையிடம் கேட்டார்.

"எந்த எழுத்துட்டி தப்பு?"

கலை அவரை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவளுக்கும் இப்படித்தான் வேர்க்கும்.

"தலைவர்ட்ட காட்டாம ஏன் அடிச்ச?" சுயம்பு கத்தினார். "காட்டுனியா, இல்லியா? இப்பச் சொல்லு! இல்லன்னா நாளைக்குக் கடைக்கு வராத!"

சிரித்தவர்களெல்லாம் நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தார்கள். இசக்கிராஜும் பார்த்தார். அவர் கை வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தது.

மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிறவள் என்று தெருவில் அவளுக்குப் பெயர்.

"காட்டல அண்ணாச்சி" என்றாள் கலைச்செல்வி. "அவிய வாசிச்சிருந்தா அப்பமே கண்டுபிடிச்சிருப்பாவளே!"