ஏழாம் படிக்கு ஏறிய தண்ணீர்

துறைமுகத்துப் படிக்கட்டில் குடியிருந்த நண்டுக்கு அன்று தலைகால் புரியவில்லை. எவ்வளவு பொங்கினாலும் மூன்றாம் படியைத் தாண்டாத தண்ணீர், இப்போது ஏழாம் படியில் தளும்பிக்கொண்டிருந்தது!

"பார்த்தாயா என் வளர்த்தியை?" என்றது தண்ணீர். "நாளைக்கு மீன் ஏலக்கூடம். மறுநாள் பஸ் ஸ்டாண்டு!"

"அண்ணே, மூன்று நாளாகக் கடலிலிருந்து காற்று ஓயாமல் அடிக்கிறதே, அது தள்ளியா ஏறினீர்கள்?"

"அவனா? எனக்கு விசிறி வீச வந்தவன். நீ இனிமேல் கீழே கிடக்காதே. ஏழாம் படிக்கே குடி வந்துவிடு. நான் இறங்குகிற ஆள் இல்லை!"

நண்டு துள்ளிக் குதித்தது. இரண்டாம் படியில் இருந்த பழைய பொந்தை எதிர்வீட்டு நண்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஏழாம் படி விரிசலுக்குக் குடிபோனது.

விடிந்ததும் காற்று திசை மாறி, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. தண்ணீர் ஆறாம் படிக்கு வந்தது, நான்குக்கு வந்தது, கடைசியில் முதல் படியும் காய்ந்துபோனது. வெயிலில் முதுகு கொதிக்க, நண்டு மேலேயிருந்து கத்தியது.

"அண்ணே! இறங்கமாட்டேன் என்றீர்களே!"

இன்னும் கீழே வழுக்கிக்கொண்டே தண்ணீர் சொன்னது:

"அந்த விசிறிக்காரன் ஊருக்குக் கிளம்பிவிட்டானப்பா. பாவம், தனியாகப் போகிறானே என்று கொஞ்ச தூரம் வழியனுப்பப் போகிறேன்!"