பதினோராவது ஃபோல்டர்

பின்லாந்தின் தாம்பரே நகரில், எங்கள் கட்டடத்தில் பத்து வீடுகள். நீராவிக் குளியலறை ஒன்றுதான். யாருக்கு எப்போது முறை, எத்தனை பேர் என்று குடியிருப்போர் சங்கத்தின் இணையதளம் மின்னஞ்சலாக அனுப்பித் தள்ளும். செயலாளர் நான் என்பதால் எல்லாம் என்னிடம் குவியும். இன்று என் கணவன் ஒஸ்மோ, அவை வீட்டு எண்படி தானாகப் பிரிய வழிசெய்தான்.

"ஹெல்கா, பத்து வீடுதானே? பதினோரு ஃபோல்டர் வந்திருக்கு."

பதினோராவதில் ஒன்பது வருட மின்னஞ்சல்கள். ஒவ்வொன்றிலும் செவ்வாய் மாலை ஐந்து மணி, ஒருவர். அது யாருக்கும் ஒதுக்காத நேரம்.

இன்று செவ்வாய். ஆறு மணிக்கு இறங்கிப் போய்ப் பார்த்தோம். குளியலறையில் உட்காரும் பலகை ஈரமாக இருந்தது.

"அந்த முறையை ரத்து பண்ணித் தொலை!" என்றேன்.

"பாவம், யாரையும் தொந்தரவு பண்ணலையே."

"பண்றியா, நான் பண்ணவா?"

பண்ணினான். உடனே எங்கள் ஃபோல்டரில் ஒன்று வந்து விழுந்தது.

"சனிக்கிழமை, உங்கள் முறை. இருவர் என்பது மூவராக மாற்றப்பட்டது."