இழுவைக் கம்பியின் மறுபக்கம்

ஆல்ப்ஸில் பேர்போன பனிச்சறுக்கு ஊர்களில் எல்லாம் சந்தைக் கூட்டம். அதனால்தான் யாரும் சீந்தாத இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தேன். மேலே போக இங்கே இருப்பது பழைய இழுவைக் கம்பி மட்டும்தான். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் அதில் பின்புறத்தைச் சாய்த்துக்கொண்டால் இழுத்துப் போகும்.

அதை இயக்கும் ஃபெர்மோ என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "ரெண்டு பேர்னா போங்க. தனி ஆளுன்னா விட்டிருக்க மாட்டேன்."

கிண்டல் என்று நினைத்தேன். தனியாகச் சாய்ந்தால் கம்பி ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். அன்று நேராகவே போனது.

தடம் படாத பனியில் சறுக்கி ஃபெர்மோவிடமே இறங்கி வந்தேன்.

"கூட வந்த பொண்ணு எங்கப்பா? சண்டை போட்டு விட்டுட்டு வந்துட்டியா?"

"நான் தனியாத்தானே வந்தேன்."

"விளையாடாத. நான்தானே ஏத்திவிட்டேன்? புதைஞ்சு கிடந்தா என்ன பண்றது?" மீட்புக் குழுவுக்குப் போன் போட்டார்.

பனியில் புதைந்தவரைத் தேட, சறுக்க வருகிறவர்கள் எல்லோரும் மார்பில் ஒரு கருவி கட்டியிருப்போம். இன்னொரு கருவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது காட்டும். யாருமில்லை என்று அவருக்குக் காட்ட, என்னுடையதை இயக்கினேன்.

நாற்பது மீட்டர் என்றது. சரிவில் வெயில் மட்டுமே இருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். முப்பது. பதினெட்டு. ஒன்பது.

ஃபெர்மோ போனை வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அப்பாடா, வந்துட்டா."

நான் திரும்பவில்லை. எண் ஒன்றில் நின்றது.

அவர் அடுத்த கம்பியை எங்களுக்காகப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை போறீங்களா, ரெண்டு பேரும்?"