திறந்த ஜன்னல்

கணக்காளர் தம் அறைக்குள் நுழைந்ததும், எதிர் மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த தட்டச்சுப் பெண் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். தினமும் இதே கதைதான். எதிரில் இருப்பவரை இப்படியுமா அவமதிப்பது என்று அவர் மனம் கொதித்தது.

அவருடைய உடலில் மீன் வாடை வீசும்; அது பிறவிக் கோளாறு. மருத்துவர் சொன்னபடி மீன், முட்டை, பயறு அனைத்தையும் விலக்கியிருந்தார். அவள் வந்தபின் பாலையும் நிறுத்தினார்.

"இன்னும் எதை நிறுத்தப் போறீங்க? மூச்சையா?" என்றாள் மனைவி. "பேசாம வேற ரூம் கேளுங்க."

கேட்டார், மேலாளர் சம்மதித்தார். மதியம் அவர் கோப்புகளை அடுக்கும்போது, சாப்பிட உட்கார்ந்த அப்பெண் கண் கலங்கினாள்.

"என்னாலதானே சார் போறீங்க?"

"நீங்க ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு..."

"திறந்து வெச்சும் என் நாத்தம் உங்களுக்குத் தெரியுதா சார்? நானும் பத்தியம் பிசகாமத்தான் இருக்கேன். மீனு, முட்டை, பயறு எதையும் தொடறதில்லை. பாருங்க, வெறும் சோறும் வெள்ளரிக்காயும்தான்."

அவர் கோப்புகளைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, தம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் முன் நகர்த்தினார்.

அதிலும் வெறும் சோறும் வெள்ளரிக்காயும்தான் இருந்தன.